படகோட்டி காட்டிய மீன்

வரலாறு என்றதும் அரசர், போர், உடன்படிக்கை என்றே நம் எண்ணம் ஓடுகிறது. தூண்டிலுக்கும் வரலாறு உண்டா என்று கேட்டால் சிலர் சிரிக்கவும் கூடும். ஆனால் ஓர் ஆற்றில் எந்த மீன் எக்காலத்தில் இருந்தது, அதனைப் பிடித்தவர் யார், அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், அந்த ஆற்றங்கரை மக்களின் கதையே வெளிப்பட்டுவிடும். பேராக் ஆற்றையும் அதன் கிளையாகிய கிந்தா ஆற்றையும் வைத்துக்கொண்டு அப்படியொரு கதையை இன்று காண்போம்.

வயிற்றுக்காக மீன் பிடிப்பது ஒன்று; விளையாட்டாகப் பிடிப்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் மீனின் விலை பெரிதன்று, அது கொடுக்கும் போராட்டமே பெரிது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இவ்விளையாட்டுக்கு முதலிடம் பெற்ற மீன் ஸ்டீல்ஹெட் என்பதாகும். பெயர் புதிதாக இருந்தாலும் மீன் புதிதன்று. வானவில் டிரவுட் எனப்படும் மீனே ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு வரும்போது அப்பெயரைப் பெறுகிறது. கடலுக்குச் செல்லாத அதன் உறவினரைத் தமிழரும் அறிவர். 1860-களில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. 1907-ல் உதகைக்கு அருகே அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்ட பிறகே வானவில் டிரவுட் அம்மலை ஓடைகளில் நிலைபெற்றது. பாஸ் என்னும் இன்னொரு மீனும் அமெரிக்கரின் விருப்பத்திற்குரியது. கிழக்குப் பகுதியில் பிறந்த அதனை மேற்கு ஆறுகளிலும் மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள்.

இம்மீன்களைத் தேடிச் செல்வோர் இன்று கயாக் என்னும் சிறு படகில் போகிறார்கள். வடதுருவத்தை ஒட்டி வாழும் மக்கள், கட்டையால் செய்த சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி வேட்டைக்குச் செய்துகொண்ட ஒற்றையாள் படகு அது. இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். படகு எதுவானாலும், புதிதாக வந்தவருக்கு ஆறு தெரியாது. எந்த மடுவில் மீன் தங்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் சுழலும் என்று அறிந்த ஒருவர் உடன் வரவேண்டும். அவரே வழிகாட்டி. மலாய்க்காரர் படகைச் செலுத்துபவரைத் தெக்கோங் என்பர். ஈப்போவுக்கு வடக்கே கிரிக் பக்கம் போனால் அச்சொல்லை அடிக்கடி கேட்கலாம்.

பேராக் ஆறு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுடையது. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த பெரிய ஆறு இதுவே. தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டு மலைகளில் தோன்றி, கோலகங்சாரைத் தொட்டு, தெலுக் இந்தானைச் சுற்றி வளைந்து, பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சாலையும் இரயிலும் வருவதற்கு முன்னர் மாநிலத்தின் நெடுஞ்சாலை இந்த ஆறுதான். சுல்தான்களின் இருப்பிடங்கள் இதன் கரையில் இருந்தன. முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகிய பர்ச் 1875 நவம்பர் 2-ஆம் நாள் கொல்லப்பட்டதும் இவ்வாற்றின் கரையிலுள்ள பாசிர் சாலாக்கில்தான். படகில் வந்திறங்கி, ஆற்றிலேயே குளிக்கப் போன இடத்தில் அவர் முடிவு நேர்ந்தது.

ஈப்போ நகரம் இன்று இருக்கும் இடத்தில் ஏன் இருக்கிறது என்பதற்கும் படகே விடை. கிந்தா ஆற்றில் சரக்குப் படகு ஏறிச் செல்லக்கூடிய கடைசி இடம் அது. அரிசியும் கருவிகளும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றி மேலே தள்ளி வருவர். ஈயத்தை ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவர். நீரின் நிறத்தைக் கண்டு ஆழம் சொல்லவும், மேட்டு மழையைக் கண்டு வெள்ளம் சொல்லவும் தெரிந்தவர்கள் அப்படகோட்டிகள். 1890-களில் இரயில் வந்ததும் அவர்களுடைய தொழில் மெல்ல ஒடுங்கிற்று. அவர்களில் ஒருவருடைய பெயரேனும் நம் பள்ளிப் பாடநூல்களில் இல்லை.

அக்காலத்து மீன்பிடி விழா ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். தூபா என்னும் கொடியின் வேரை நசுக்கி நீரில் கலந்தால் மீன்கள் மயங்கி மேலே வரும். அரச குடும்பத்தாரும் ஊராரும் படகுகளில் சூழ்ந்துகொண்டு அவற்றை ஈட்டியாலும் வலையாலும் எடுப்பர். பேராக்கில் அதிகாரியாக இருந்த பிராங் ஸ்வெட்டன்ஹாம் 1895-ல் வெளியிட்ட தமது நூலில் இத்தகைய மீன்பிடியை விவரித்திருக்கிறார். எப்போதோ ஒரு நாள், ஓர் ஆற்றின் ஒரு துண்டில் நடந்த வரையில் ஆறு அதைத் தாங்கிக்கொண்டது. பின்னர் வெடி வந்தது. வெடி வைப்பவனுக்கு விழாவும் வேண்டியதில்லை, ஊரும் வேண்டியதில்லை.

ஆற்றுக்குப் பெருங்கேடு செய்தது தூபா அன்று, ஈயமே. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகச் செழிப்பான ஈய வயல். சீனத் தொழிலாளரின் ஈயலம்பங்களில் மண்ணை நீர் பீய்ச்சிக் கரைத்து, மரத்தால் ஆன நீண்ட பாலோங்கின் வழியே ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். 1913 முதல் மண்வாரிக் கப்பல்கள் வந்தன. ஈயம் தங்கிவிடும், மணலும் சேறும் ஆற்றுக்குப் போகும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கிந்தாவின் படுகை உயர்ந்தது. படகு ஏறி வந்த ஆற்றில் படகு தரை தட்டிற்று. 1926 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் கிந்தா கரை மீறியதற்கு மழை மட்டும் காரணமன்று. தெளிந்த நீரில் கூழாங்கல்மேல் முட்டையிடும் மீனுக்குச் சேறு படிந்த ஆறு பாலைவனம் போன்றதுதான்.

இதே காலத்தில் நம்மவர் வந்தனர். 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கித்தாக் கன்றுகளிலிருந்து விரிந்த தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. காவிரிக் கரையிலிருந்தும் பாலாற்றங்கரையிலிருந்தும் கங்காணிமார் கூட்டி வந்த மக்கள், சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா என்று லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரச் சீவல், பால் நிறுத்தல். அதன்பின் கிடைத்த பிற்பகலில் மூங்கில் கழியும் மண்புழுவுமாகத் தோட்டத்து ஓடைக்கோ, அருகிலிருந்த ஈயக்குட்டைக்கோ போவது வழக்கமாயிற்று. விராலும் கெளுத்தியும் கிடைத்தால் அன்று லயத்தில் குழம்பு மணக்கும். இது விளையாட்டன்று, சம்பளத்தின் குறையை நிரப்பிய உணவு. ஆயினும் குட்டையின் எந்த மூலையில் விரால் குஞ்சு பொரித்திருக்கிறது என்று தோட்டத்துச் சிறுவர்க்குத் தெரிந்திருந்தது. அதுவும் வழிகாட்டியின் அறிவுதான். கூலி கொடுத்துக் கேட்பார் இல்லை, அவ்வளவே.

ஜப்பானியர் ஆட்சியில், அரிசி இல்லாத அந்த ஆண்டுகளில், ஜாவாவிலிருந்து திலாப்பியா இங்கே வந்தது. அதனால் அதற்கு ஜப்பான் மீன் என்றே பெயர் விழுந்தது. எந்தக் குட்டையிலும் பெருகும், எதையும் தின்னும். மரவள்ளிக் கிழங்கோடு சேர்ந்து பலரை உயிரோடு வைத்த மீன் அது. போருக்குப் பின் அமைதி வரவில்லை. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் காட்டோர மக்களை நெருக்கின. காட்டு ஆற்றில் தூண்டில் போடச் செல்பவன் யாருக்கோ சோறு கொண்டுபோகிறவனாகக் கருதப்படலாம் அல்லவா?

இனி அணைகளுக்கு வருவோம். ஈயத் தொழிலுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அதற்காகப் பேராக் ஆற்றின் குறுக்கே கோலகங்சாருக்கு மேலே செண்டெரோவில் அணை கட்டினர். 1930-ல் அது வேலை செய்யத் தொடங்கிற்று. அணை கட்டியோர் மீனைப் பகைத்துக் கட்டவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் பொருந்தும். பேராக் ஆற்றுக்குச் சிறப்பான தெமொலே என்னும் மீன் ஒன்று உண்டு. பொன்னிற உடலில் கறுப்பு வரிகள் ஓடும். மனிதனின் எடைக்கு வளரும் கெண்டையினம். மேக்கோங் போன்ற சில பேராறுகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. முட்டையிடுவதற்காக ஆற்றில் இடம்பெயரும் அம்மீனுக்கு அணை ஒரு சுவராக நின்றது. இன்று அது அழியும் நிலையிலுள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. அதனை வைத்து நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதும் தடுக்கப்பட்டுள்ளது.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. கொலம்பியா ஆற்றில் 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறிச் செல்ல வழி வைக்கவில்லை. அதற்கு மேலே ஸ்டீல்ஹெட் கடலிலிருந்து திரும்பி வருவது அத்துடன் நின்றது. அங்கே கேள்வி கேட்க மீனை நம்பி வாழ்ந்த பூர்வகுடியினர் இருந்தனர். விளையாட்டு மீன்பிடிப்போரும் இருந்தனர். கேள்வி உடனே பலித்துவிடவில்லை என்பது வேறு.

நம் ஆற்றின் தலைப்பகுதியில் 1970-களில் எழுந்தது தெமெங்கோர் அணை. 127 மீட்டர் உயரம். 1978-ஐ ஒட்டி நீர் நிறைந்தபோது 150 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு மூழ்கிற்று. தெமியார், ஜஹாய் பூர்வகுடி மக்கள் தங்கள் பழைய ஊர்களை விட்டு மறுகுடியேற்றப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டனர். மரங்களை முழுதும் வெட்டி எடுக்கவில்லை. இன்றும் ஏரியின் நடுவே பட்டுப்போன மரங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 1982-ல் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் கிரிக் வழியாக நகரத்தார் தூண்டிலோடு வரத் தொடங்கினர். படகு வீடுகள் வந்தன. ஆற்றுப் படகோட்டியின் தொழில் ஏரியில் மறுபிறப்பு எடுத்தது.

இங்கேதான் வழிகாட்டியின் அறிவு எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும். ஏரியில் பெரிய விளையாட்டு மீன் தோமான். நம் விராலுக்கு அண்ணன். ஒரு மீட்டருக்கும் வளரும். தாயும் தந்தையும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து வரும். விரால் இனம் காற்றைக் குடிக்க மேலே வரும் ஆதலால், குஞ்சுகள் ஒன்றாக எழும்போது நீர்ப்பரப்பு மழைத்துளி விழுந்தாற்போல் சலசலக்கும். படகோட்டி அதைக் கண்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்பால் படகை ஓசையின்றி நகர்த்துவார். குஞ்சுக் கூட்டத்தின் ஓரம் போலி மீனை எறிந்தால், தாக்க வருகிறது என்றெண்ணிப் பெற்ற மீன் பாயும். பசியால் வருவதன்று, பாசத்தால் வருவது. பெற்ற மீனைக் கொண்டுபோய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு பொழுதில் முடித்துவிடும். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. குஞ்சோடு இருக்கும் தோமானைத் தொடாதீர்கள் என்று சொல்லும் வழிகாட்டி, அன்றைய வரும்படியைக் குறைத்துக்கொண்டு அடுத்த ஆண்டின் வரும்படியைக் காக்கிறார்.

ஏரிக்கு மேலே, காட்டு ஓடைகளில் இருப்பது கெலா. தெளிந்த, குளிர்ந்த, ஓடும் நீர் இல்லையேல் வாழாது. பெரிய செதிள், பேராற்றல். காட்டுப் பழங்கள் நீரில் விழுவதற்காக மரத்தடியில் காத்திருக்கும். இப்போது தூண்டிலில் செம்பனைப் பழத்தைக் கோத்துப் போட்டாலும் வாங்கிக்கொள்கிறது. ஆப்பிரிக்க மரத்தின் பழம் என்று அதற்குத் தெரியுமா என்ன! சந்தையில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் விலை போவதே அதற்கு எமனாயிற்று. 2007-ல் அரச பெலும் மாநிலப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னர், அதன் சில ஓடைகளில் கெலாவைப் பிடிக்காமல் காக்கிறார்கள்.

இந்தக் கெலாவுக்குக் காவிரியில் உடன்பிறப்பு உண்டு. மகசீர் என்று நூல்கள் கூறுவதும், தமிழ்நாட்டார் பூமீன் கெண்டை என்பதும் அதே குலம். சென்னை மாகாண அதிகாரியாகிய எச். எஸ். தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடி பற்றி எழுதிய நூலால் அது வெள்ளையரிடையே பெயர் பெற்றது. 1946-ல் காவிரியின் கிளையாகிய கபினியில் வான் இங்கன் என்னும் மைசூர்வாசி பிடித்த மகசீர் 120 ராத்தல். பெயர் அவருக்கு. ஆனால் காவிரியில் தூண்டில்காரர் ஏறிச் சென்றது பரிசலில். பரிசலைச் சுழலுக்குள் போகாமல் பிடித்து, எந்த மடு என்று காட்டியவர் பரிசல்காரர். கேழ்வரகு மாவை உருண்டை பிடித்துத் தூண்டிலில் வைத்துக் கொடுத்தவரும் அவரே.

பிறகு வெடியும் அணைகளும் சேர்ந்து மகசீரைக் குறைத்தன. 1970-களின் இறுதியில் ஆங்கிலத் தூண்டில்காரர் சிலர் வந்து, காவிரியில் பெரிய மீன் இன்னும் இருக்கிறது என்று கண்டனர். முகாம்கள் எழுந்தன. வெடி வைத்து மீன் பிடித்த உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். பிடித்த மீனை எடை போட்டு, குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றில் விட்டனர். கர்நாடகத்தில் உள்ள அந்த முகாம்களில் ஒன்று 1998 முதல் 2012 வரை வைத்திருந்த குறிப்புகளைப் பின்னர் ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தபோது, எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கூடியிருந்தது வேறோர் இனம், நீலத்துடுப்பு மகசீர். 1970-களிலிருந்து பொரிப்பகத்தில் வளர்த்து, மகசீரைக் காப்பதாக எண்ணி ஆற்றில் விட்ட குஞ்சுகளின் வழி வந்தது அது. ஆற்றில் மீன் நிறைய இருக்கிறது என்று எல்லாரும் மகிழ்ந்திருந்த வேளையில் ஆற்றின் சொந்த மீன் போய்க்கொண்டிருந்தது. இவ்வாராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. 2018-ல்தான் திமில் மகசீருக்கு உறுதியான அறிவியல் பெயரே வழங்கப்பட்டது; அதே ஆண்டு அது மிக அருகிய இனமாகவும் அறிவிக்கப்பட்டது. நீலகிரியை ஒட்டிய மோயாற்றில் இன்னும் சில உள்ளன. படகோட்டியும் விருந்தாளியும் மாலையில் எழுதிவைத்த குறிப்பு இல்லையென்றால் இந்த மறைவு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இந்தச் செய்தியோடு மீண்டும் ஈப்போவுக்கு வருவோம். 1985 அக்டோபரில் உலக ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடின. தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டிய மண்வாரிக் கப்பல் ஒன்று 1982-லேயே நின்றுவிட்டது. இப்போது அது காட்சிப்பொருள். தோட்டங்களும் கைமாறின; கித்தா போய்ச் செம்பனை வந்தது; லயங்களை விட்டு மக்கள் நகரத்துக்கு நகர்ந்தனர். எஞ்சியவை நீலமும் பச்சையுமாகத் தேங்கிய ஈயக்குட்டைகள். 1990-களில் யாரோ அவற்றில் மயில் பாஸ் என்னும் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். மலாய்க்காரர் ராஜா மீன் என்பர். பெயரில் பாஸ் இருந்தாலும் அமெரிக்க பாஸுக்கு அது உறவன்று, திலாப்பியாவின் குலம். வாலில் மயிற்கண் போன்ற ஒரு புள்ளி. அதன் தாயகம் அமேசான் படுகை. நம் முன்னோரை இங்கே வரவழைத்த கித்தா மரத்தின் தாயகமும் அதுவே. ஒன்று தோட்டம் போட வந்தது. மற்றொன்று தோட்டம் போன பின் வந்தது.

ஆழமான குட்டை, சரிந்த கரை, படகுத்துறை எதுவும் இல்லை. இத்தகைய இடத்துக்குக் கயாக் மிகவும் பொருந்தும். காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம்; இருவர் தூக்கி இறக்கலாம்; ஓசையின்றிக் கரையோரமாக நகரலாம். மயில் பாஸ் பகலில் கண்ணால் கண்டு வேட்டையாடும் மீன் ஆகையால், இரவு விழிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பழைய லம்பத்தின் கரை இரண்டு அடி வைத்ததும் செங்குத்தாக இறங்கும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். மிதவைச் சட்டை அணியாமல் அதில் இறங்கலாகாது. எந்தக் கரை இடியும், எந்தக் குட்டை தனியார் மீன் வளர்ப்பு என்று தெரிந்த உள்ளூர்க்காரரைக் கேட்காமல் போவதும் சரியன்று.

மயில் பாஸ் பிடிப்பவர் மகிழட்டும், அதில் குற்றமில்லை. குட்டையிலேயே இருக்கும்வரை அதனால் பெரிய தீங்கும் இல்லை. அதனைப் பையில் போட்டு இன்னோர் ஆற்றில் கொண்டுபோய் விடுவதே தீங்கு. சின்னஞ்சிறு உள்நாட்டு மீன்களை அது விழுங்கிவிடும். வெள்ளக் காலத்தில் குட்டையும் ஆறும் ஒன்றாகும் இடங்களும் உண்டு. ஆகவே கிந்தாவிலும் பேராக்கிலும் இன்று எது பிடிபடுகிறது, எங்கே பிடிபடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் படகோட்டிகள். தேதி, இடம், நீரின் மட்டமும் நிறமும், மீனின் பெயரும் நீளமும், விட்டதா எடுத்ததா என்னும் ஐந்து செய்திகளை நாள்தோறும் எழுதிவைப்பது அவர்களுக்குப் பெரிய வேலையன்று. எழுதத் தெரியாத முதியவர் சொல்லட்டும். தூண்டிலோடு வந்த விருந்தாளி எழுதட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் குறிப்பேடு ஒன்று ஓராண்டுக்குத் தாராளமாகக் காணும்.